கழுத்து வெட்டுக்காய மரணம்: கொலையா தற்கொலையா என்பதைச் சட்ட வைத்திய அறிக்கை ஏன் அடித்துச் சொல்வதில்லை?

கேள்வி: சட்ட மாணவி, வெள்ளவத்தை

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் சட்டம் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வகுப்பில் விரைவில் நடைபெறவுள்ள மாதிரி வழக்கொன்றில் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், தரப்பில் நான் வாதாட வேண்டும். வழக்கு முழுக்கக் கற்பனையானது. கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டின் படுக்கையறையில் நடுத்தர வயது ஆண் ஒருவர் இறந்து கிடக்கிறார். கழுத்தின் முன்புறத்தில் நீளமான ஒரு வெட்டுக்காயமும், அதற்குச் சற்று மேலே மெல்லிய கீறல்கள் இரண்டும் காணப்படுகின்றன. சமையலறைக் கத்தி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கதவு சாத்தியிருந்ததே தவிரப் பூட்டப்பட்டிருக்கவில்லை. கடன் தொல்லையால் அவர் மனமுடைந்திருந்தார் என்று மனைவி சாட்சியமளிக்கிறார். ஆனால் முதல்நாள் இரவு அவருடன் சண்டை பிடித்த மைத்துனர்தான் கூண்டில் நிற்கிறார்.

சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் மரணத்துக்கான காரணம் கழுத்துக் காயத்தினால் ஏற்பட்ட குருதிப்பெருக்கு என்று தெளிவாக இருக்கிறது. அடுத்த பந்தியில், காயம் பிறர் விளைவித்த காயத்துடன் பொருந்துகிறது என்றும், தானே விளைவித்திருக்கும் சாத்தியத்தை முற்றாக விலக்க முடியாது என்றும் எழுதப்பட்டிருக்கிறது. உடலைத் திறந்து பார்த்த பிறகும் ஏன் இப்படி இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைக்கிறார்கள்? மேலே இருக்கும் அந்தச் சிறு கீறல்கள் தற்கொலைக்கு அடையாளம் என்று ஒரு பாடநூலில் படித்தேன். அதை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாட முடியுமா? துறை தெரிந்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: சட்ட மருத்துவத்துறையில் பணியாற்றும் வைத்தியர்

தங்கையே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கீறல்களை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடினால், அனுபவமுள்ள ஒரு வழக்குத் தொடுநர் இரண்டே கேள்விகளில் அந்த வாதத்தைச் சாய்த்துவிடுவார். அவற்றை நாங்கள் தயக்கக் காயங்கள் என்கிறோம். ஒருவர் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும்போது பிரதான காயத்துக்கு அருகில், பெரும்பாலும் அதற்கு இணையாக, ஆழமற்ற கீறல்கள் காணப்படுவது உண்மைதான். ஆனால் அவை இல்லாத தற்கொலைகளும் உண்டு. கொலையிலும் ஏறத்தாழ அதே தோற்றத்தில் கீறல்கள் வரலாம்: பாதிக்கப்பட்டவர் தலையைத் திருப்பும்போதோ பின்வாங்கும்போதோ முதல் வீச்சு தோலை மட்டும் உரசிச் செல்லும், மிரட்டுவதற்காகக் கத்தியைக் கழுத்தில் வைத்து அழுத்தியிருந்தாலும் அப்படியே. எனவே கீறல் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், அவை எத்திசையில் ஓடுகின்றன, பிரதான காயத்தோடு எப்படி இணைகின்றன, தோல் மடிப்பின் மீது ஒரே வீச்சுப் பட்டதால் இரண்டாகத் தெரிகின்றனவா என்றெல்லாம் பார்க்க வேண்டும். கழுத்துத் தோல் எளிதில் மடிவதும் நகர்வதுமான தோல். ஒரே வெட்டு இரண்டு மூன்று துண்டுகளாகத் தெரிவது அங்கு அபூர்வமல்ல.

தற்காப்புக் காயங்களும் இதே கதைதான். உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் முன்னங்கையின் வெளிப்பக்கத்திலும் வெட்டுகள் இருந்தால், அவர் கத்தியைப் பிடிக்கவோ தடுக்கவோ முயன்றார் என்று சொல்ல வலுவான அடிப்படை கிடைக்கிறது. ஆனால் அவை இல்லை என்பதற்காகக் கொலை இல்லை என்றாகிவிடாது. உறங்கியவர், மதுவோ மருந்தோ எடுத்திருந்தவர், கைகள் பிடிக்கப்பட்டவர், பின்னாலிருந்து எதிர்பாராமல் தாக்கப்பட்டவர் ஆகியோரிடம் கைக் காயங்களை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் குருதியிலும் சிறுநீரிலும் மது, மருந்துப் பரிசோதனை கேட்கப்படுகிறது. உங்கள் வழக்கு ஆவணத்தில் அந்தப் பெறுபேறு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதுவே கேட்க வேண்டிய கேள்வி.

இனி, பலரும் கவனிக்காமல் கடந்து போகும் ஓர் இடத்துக்கு வருகிறேன். கழுத்தில் பெரிய வெட்டொன்றைக் கண்டதும் மரணத்துக்கான காரணம் கண்முன்னே தெரிவதாகத் தோன்றும். அங்கேதான் அவதானம் தேவை. முதலில் கழுத்தை நெரித்துவிட்டுப் பின்னர் வெட்டியிருந்தால், அந்த வெட்டே நெரிப்பின் அடையாளங்களை மறைத்துவிடும். கண்ணிமைகளின் உட்புறத்திலும் முகத்திலும் ஊசிமுனை அளவான குருதிப் புள்ளிகள் உள்ளனவா, வெட்டுக்கு அப்பால் ஆழமான தசைகளில் கன்றல் உள்ளதா, நாவடி எலும்பும் குரல்வளைக் குருத்தெலும்பின் கொம்புகளும் முறிந்துள்ளனவா என்பதை வெட்டைப் பார்க்கும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். வெட்டினால் இறந்தவருக்கும், இறந்த பின் வெட்டப்பட்டவருக்கும் குருதியின் அளவில் மட்டும் அல்ல, நுரையீரலிலும் வேறுபாடு தெரியும். மூச்சுக்குழாய் திறந்த நிலையில் அவர் மூச்செடுத்திருந்தால் குருதி நுரையீரலின் ஆழம்வரை உறிஞ்சப்பட்டிருக்கும். வெட்டப்பட்டபோது அவர் உயிரோடிருந்தார் என்பதற்கு அது நல்ல சான்று.

இதற்காகவே கழுத்தை எந்த ஒழுங்கில் திறக்கிறோம் என்பது மிக முக்கியம். வெட்டுண்ட பெரிய நாளங்கள் வழியாகக் காற்று இதயத்துக்குள் போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், மண்டையோட்டைத் திறப்பதற்கு முன்னரே எக்ஸ்ரே எடுத்து, இதய உறையை நீரால் நிரப்பி, நீருக்கடியில் இதயத்தின் வலப்பக்கத்தைத் திறந்து குமிழிகள் வருகின்றனவா என்று பார்ப்பார்கள். கொழும்பு வெப்பத்தில் உடல் சற்றுத் தாமதித்து வந்தாலே அழுகல் வாயு சேர்ந்துவிடும் என்பதால் இந்தச் சோதனையை நிதானமாகவே பொருள்கொள்ள வேண்டியிருக்கிறது. அதன் பின்னர் மூளையையும் மார்பு உறுப்புகளையும் அகற்றி, கழுத்திலுள்ள குருதி வடிய இடம் கொடுத்து, கடைசியாகவே கழுத்தைத் தொடுவார்கள். இந்த ஒழுங்கு மாறினால், அறுக்கும்போது கசியும் குருதி தசைகளிடையே தேங்கி, உயிரோடிருந்தபோது ஏற்பட்ட கன்றலைப் போலவே தெரியும். பிரின்ஸ்லூ, கோர்டன் ஆகிய இருவர் 1951 இல் இதை விவரித்தார்கள். இன்றும் அவர்களுடைய பெயராலேயே இந்தப் போலித் தோற்றம் அறியப்படுகிறது. கழுத்து வடிந்த பிறகு தோல், தசைப்படலம், ஒவ்வொரு தசை என அடுக்கடுக்காக விலக்கி, கரோட்டிட் நாடியும் கழுத்து நாளமும் எந்த மட்டத்தில், முழுமையாகவா பகுதியாகவா வெட்டுண்டன என்பது அளவுகோலுடன் படமெடுக்கப்படும்.

குருத்தெலும்பில் கத்தி பட்டிருந்தால் அந்தத் துண்டை வீசிவிடலாகாது. பற்களுள்ள கத்தி குருத்தெலும்பின் வெட்டுமுகத்தில் நுண்ணிய வரிகளை விட்டுச் செல்லும். பல்வைத்தியர்கள் பயன்படுத்தும் சிலிக்கன் பசை போன்ற ஒன்றால் அச்செடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் சந்தேகத்துக்குரிய கத்தியின் சோதனை வெட்டுடன் ஒப்பிடலாம். தோலில் இந்த விவரம் தங்குவதில்லை.

இடக்கைக்காரரா வலக்கைக்காரரா என்ற கேள்விக்கு மட்டும் சுருக்கமாகப் பதில் தருகிறேன். வெட்டு எங்கே ஆழமாகத் தொடங்கி எங்கே வால்போல மெலிந்து முடிகிறது என்பதிலிருந்து கத்தி சென்ற திசையைச் சொல்லலாம். ஆனால் தாக்கியவர் முன்னால் நின்றாரா பின்னால் நின்றாரா என்று தெரியாதவரை, அதிலிருந்து கையைச் சொல்வது ஊகம் மட்டுமே.


பதில் 2: குற்ற இடப் பரிசோதனையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், தெஹிவளை

டொக்டர் சொன்னவற்றோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் பிள்ளை கேட்ட கேள்விக்கான விடையில் பாதி சவச்சாலையில் அல்ல, அந்தப் படுக்கையறையில் இருக்கிறது. சட்ட வைத்திய அதிகாரி உடல் கிடந்த இடத்துக்கு நேரில் வந்து பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள். உடலை மட்டும் பார்த்து எழுதிய அறிக்கைக்கும், இடத்தையும் பார்த்து எழுதிய அறிக்கைக்கும் இடையில் பெரிய வேறுபாடு இருக்கும்.

குருதி எந்தப் பக்கமாக வழிந்தது என்பது பல நேரங்களில் ஒரு சாட்சியைவிடத் தெளிவாகப் பேசும். வெட்டுப்பட்டபோது அவர் நின்றோ அமர்ந்தோ இருந்தால் குருதி மார்பு வழியாகக் கீழே வழிந்து, சட்டையின் முன்புறம், காற்சட்டை, சில வேளைகளில் பாதங்கள் வரை வந்திருக்கும். மல்லாந்து படுத்திருந்தவர் என்றால் கழுத்தின் இரு புறமும் வழிந்து, தலையணையிலும் பிடரிக்குக் கீழேயும் தேங்கியிருக்கும். மார்பு ஓரளவு சுத்தமாக இருக்கும். படுத்திருந்தபடியே வெட்டுப்பட்டிருந்து, எழுந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லையென்றால், அது உறக்கத்தில் நடந்ததா என்ற கேள்வி எழுகிறது. நாடி வெட்டுண்டால் சுவரில் வளைவளைவாகப் பீச்சியடித்த தடம் விழும். அந்தத் தடத்தின் நடுவே வெறுமையான ஓர் உருவம் போல இடைவெளி தெரிந்தால், அங்கே ஏதோ ஒரு பொருளோ ஓர் ஆளோ இருந்திருக்க வேண்டும். அது இப்போது அங்கில்லை என்றால், அது எங்கே போனது என்று தேடியே ஆக வேண்டும்.

கத்தி கட்டிலுக்கு அடியில் கிடந்ததை வழக்குத் தொடுநர் பெரிதாக எடுப்பார். கழுத்தில் பெரிய காயம் பட்டவர் உடனே விழுந்துவிடுவார் என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. சற்று நேரம் நடமாடியவர்கள் உண்டு. எனவே கத்தி தள்ளிக் கிடப்பது மட்டும் வேறொருவர் இருந்தார் என்பதைக் காட்டாது. மாறாக, இறந்தவரின் கை ஆயுதத்தை இறுகப் பற்றியிருந்து, அது மரணத் தருணத்திலேயே ஏற்பட்ட விறைப்பு என்று உறுதியானால், அது தற்கொலைக்கு மிக வலுவான அடையாளம். தளர்ந்த கையில் கத்தியை யாரும் வைத்துவிட்டுப் போகலாம். அந்த இறுக்கத்தைச் செயற்கையாக உண்டாக்க முடியாது. உங்கள் வழக்கில் அது இல்லை. ஆகவே கத்தியின் பிடியில் என்ன கிடைத்தது, இறந்தவரின் கைகளின் இரு புறங்களிலும் குருதி எப்படிப் படிந்திருந்தது என்பவைதான் மிஞ்சும் கேள்விகள்.

இன்னொன்று: யார் யார் அந்த அறைக்குள் போனார்கள்? மனைவி உடலைத் தூக்கி மடியில் வைத்திருப்பார். அயலவர் கத்தியைக் காலால் தள்ளியிருப்பார். 1990 சுவசரிய அம்புலன்ஸ் வந்திருந்தால், காப்பாற்ற முயன்றவர்கள் உடலைத் தரைக்கு மாற்றியிருப்பார்கள், சட்டையை வெட்டியிருப்பார்கள். இவை எல்லாம் மனிதர்கள் செய்ய வேண்டிய காரியங்கள்தாம். யாரையும் குறைசொல்ல இயலாது. ஆனால் அவற்றைக் குறித்துவைக்காவிட்டால், உதவிக்கு வந்தவரின் தடம் கொலையாளியின் தடமாகப் பின்னர் வாசிக்கப்படும். அதேபோல, கைகளுக்குக் கடதாசிப் பை கட்டப்பட்டதா என்றும் கேளுங்கள். பொலித்தீன் பையில் ஈரம் சேர்ந்து நகக்கண்ணில் உள்ளது கெட்டுப்போகும். குருதி தோய்ந்த உடுப்பை நிழலில் உலர்த்தாமல் கட்டி வைத்தாலும் அதே கேடுதான். அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு என்ன போனது, எப்போது போனது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்ற சங்கிலி எங்கேயாவது அறுந்திருக்கிறதா என்று பொருட்களின் முத்திரை இலக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எதிரி தரப்பின் கடமை.


பதில் 3: சட்டத்தரணி, புதுக்கடை

தங்கச்சி, அறிக்கை இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது குறையல்ல, அந்த வைத்தியர் தம் எல்லையை அறிந்து எழுதியிருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45 ஆம் பிரிவின் கீழ் அவர் சொல்வது நிபுணரின் அபிப்பிராயம். தீர்மானம் நீதிமன்றத்துக்குரியது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 370 ஆம் பிரிவின்படி திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரணையைத் தொடங்குகிறார். பிரேத பரிசோதனைக்கான அதிகாரம் 373 ஆம் பிரிவிலிருந்து வருகிறது. காயம் எத்தகையது, மரணம் எதனால் நிகழ்ந்தது என்பதை வைத்தியர் சொல்கிறார். யார் செய்தார் என்பதை அந்த உடல் தனியாக நின்று சொல்லாது.

ஆனால் ஒரு விடயத்தில் வைத்திய சாட்சியம் சட்டத்தோடு நேரடியாக இணைகிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 294 ஆம் பிரிவில், இயற்கையின் சாதாரண போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமான காயம் என்ற அளவுகோல் இருக்கிறது. வைத்தியரிடம் வழக்குத் தொடுநர் இதைக் கட்டாயம் கேட்பார். கழுத்தின் பெரிய நாடி வெட்டுண்டிருந்தால் ஆம் என்பதே விடையாக இருக்கும். அதில் நேரம் செலவிடாதீர்கள். காயத்தின் பாரதூரம் உங்கள் கட்சிக்காரருக்கு எதிரான சான்று ஆகாது. காயத்தை விளைவித்தவர் அவர்தானா என்பதிலேயே முழுக் கவனமும் இருக்கட்டும்.

கழுத்துக் காய வழக்குகளில் நம் நாட்டுச் சட்ட வரலாற்றுக்கு ஒரு தனி இடம் உண்டு. மாணவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும். குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய் திறந்துவிட்டால், காற்று குரல்நாண்களை எட்டாது வெளியேறும். ஆள் நினைவோடு இருந்தாலும் பேச முடியாது. இலங்கையிலிருந்து சென்ற சந்திரசேகர எதிர் மன்னர் என்ற மேன்முறையீட்டில், கழுத்து வெட்டப்பட்டுப் பேச இயலாதிருந்த ஒரு பெண் சைகைகள் காட்டியதும், பெயர் சொல்லிக் கேட்டபோது தலையசைத்ததும் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவின் கீழ் வாய்மொழிக் கூற்றாக ஏற்கத்தக்கவை என்று, அக்காலத்தில் நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் 1936 இல் தீர்த்தது. அதற்கு முன்னர் 1885 இல் அலகாபாத் மேல் நீதிமன்றம் அப்துல்லா வழக்கில், அதுவும் கழுத்து வெட்டப்பட்ட ஓர் இளம்பெண்ணின் சைகைகளைப் பற்றியே, அதே நிலைப்பாட்டை எடுத்திருந்தது. ஒரு கொடுமையான காயத்தின் உடற்கூற்று விவரம் எப்படி மரண வாக்குமூலச் சட்டத்தையே வடிவமைத்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. உங்கள் வழக்கில் யாராவது, அவர் சாகும் முன் மைத்துனரின் பெயரைச் சொன்னார் என்று சாட்சியமளித்தால், மூச்சுக்குழாய் எந்த மட்டத்தில் வெட்டுண்டது என்பதை வைத்தியரிடம் கேட்டு, பேசியிருக்க முடியுமா என்று உறுதிப்படுத்துங்கள். அந்த ஒரு விடை சாட்சியைத் தாங்கும், அல்லது தகர்க்கும்.


கேட்டவரின் தொடர்ச்சி: சட்ட மாணவி, வெள்ளவத்தை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கண்ணிமைக் குருதிப் புள்ளிகள் பற்றியும் மூச்சுக்குழாய் மட்டம் பற்றியும் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் பதில்களைப் படித்த பிறகே அது கண்ணில் பட்டது. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். மைத்துனர் அன்று காலை பத்து மணிக்கே கோட்டையில் ரயில் ஏறிவிட்டார் என்பது எங்கள் தரப்பு. மரண நேரமாக அறிக்கை காலை எட்டு மணிக்கும் நண்பகலுக்கும் இடைப்பட்ட காலத்தைத் தருகிறது. இதை இன்னும் குறுக்கித் தரும்படி வைத்தியரை வற்புறுத்தலாமா?


பதில் 4: சட்ட மருத்துவத்துறையில் பணியாற்றும் வைத்தியர்

வற்புறுத்தாதீர்கள். கொழும்பிலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1951 ஒக்டோபரில் பம்பலப்பிட்டியில் கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின் மனைவி கொல்லப்பட்ட வழக்கில் காயம் வெட்டல்ல, கழுத்து நெரிப்பு. ஆனாலும் விவாதம் முழுவதும் அவர் இறந்த நேரத்தைச் சுற்றியே நடந்தது: கணவர் வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்னரா, பின்னரா? அரச தரப்பில் பேராசிரியர் டி சேரமும், எதிரி தரப்பில் எடின்பரோவிலிருந்து அழைக்கப்பட்ட சேர் சிட்னி ஸ்மித்தும் வேறுபட்ட அபிப்பிராயங்களைத் தந்தார்கள். 1953 இல் சதாசிவம் விடுதலையானார். டி சேரம், வெப்ஸ்டர், கதிர்காமத்தம்பி ஆகிய மூவரும், இங்கு தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் உடல்களில் வெப்பநிலையை அளந்து 1955 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மரணித்த நேரம் துல்லியமாகத் தெரிந்த உடல்கள் என்பதால் அந்த அளவீடுகளுக்கு உலகளவில் மதிப்புக் கிடைத்தது.

நம் ஊரின் வெப்பநிலை 27, 28 பாகையைச் சுற்றியே நிற்கிறது. உடல் 37 பாகையிலிருந்து இறங்குவதற்கு இருக்கும் இடைவெளி குளிர்நாடுகளைவிடச் சிறியது. ஆகவே சிறிய அளவீட்டுப் பிழைகூட நேரக் கணிப்பைப் பெரிதாக நகர்த்திவிடும். மின்விசிறி சுழன்றதா, யன்னல் திறந்திருந்ததா, உடல் சீமெந்துத் தரையில் கிடந்ததா மெத்தையிலா என்பவையும் சேரும். குருதி பெருமளவு வெளியேறிய உடலில், இறந்த பின் குருதி கீழ்ப்பக்கமாகத் தேங்குவதால் தோலில் தெரியும் நிறமாற்றமும் மங்கலாகவே இருக்கும். அதை வைத்தும் நேரத்தைச் சொல்வது கடினம். வெப்பநிலை எப்போது, உடலின் எந்த இடத்தில், எத்தனை முறை எடுக்கப்பட்டது, அறையின் வெப்பநிலை குறிக்கப்பட்டதா என்று மட்டும் கேளுங்கள். ஒரே ஒரு அளவீடுதான் என்றால், எட்டு மணி முதல் நண்பகல் வரை என்ற இடைவெளி அப்படியே நிற்பதுதான் உங்கள் தரப்புக்கு நல்லது. பத்து மணிக்குப் பிறகான இரண்டு மணித்தியாலங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன.